அடிமானமும் அடுக்கும்

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் திருக்கோவிலூர் கடைத்தெருவில் நடந்தால் இரண்டு பேச்சுதான் காதில் விழும். மதிப்பெண் குறைந்த பிள்ளையின் அம்மா, "எல்லாம் அவ தலையெழுத்து டீச்சர்" என்பார். கூடுதலாக வாங்கிய பிள்ளையின் அப்பா, "ராவும் பகலும் கண்ணு முழிச்சுப் படிச்சான் டீச்சர்" என்பார். சொந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சு இது. அடுத்த வீட்டுப் பிள்ளை என்றால் அப்படியே திரும்பிவிடும்: தோற்றவன் ஊர் சுற்றினான், ஜெயித்தவன் கொடுத்துவைத்தவன்.

நான் கணக்கு டீச்சர். அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்ற பிறகும் கீழையூரில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரின் வாழ்வில் ஊழின் பங்கு எவ்வளவு, முயற்சியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி என்னை நெடுங்காலமாக விடவில்லை. புராணம் கேட்டும் பெரியவர்களைக் கேட்டும் தெளியாத ஒன்று, பதினோராம் வகுப்பில் ஒரு கணக்கைப் போடும்போது எனக்குத் தெளிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வள்ளுவர். அறத்துப்பாலை அவர் 38ஆம் அதிகாரமான ஊழில் முடிக்கிறார். ஊழைவிட வலியது ஏது, அதைத் தப்ப வேறு வழி தேடினாலும் அதுவே முன்னால் வந்து நிற்கும் என்பது அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் தரும் பொருள். பிறகு பொருட்பாலில், 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. சோர்வில்லாமல் உழைப்பவர் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார் என்று அதை முடிக்கிறார். ஒரே நூல், ஒரே ஆசிரியர். ஒன்றில் ஊழ் வெல்கிறது, மற்றொன்றில் முயற்சி வெல்கிறது. உரை சொல்பவர்கள் பல விதமாக இதைச் சமாதானம் செய்வார்கள். ஒன்று ஊக்கப்படுத்தச் சொன்னது, மற்றது ஆறுதலுக்குச் சொன்னது என்பார்கள். எனக்கு அது போதவில்லை. வள்ளுவர் இடத்துக்குத் தக்கபடி பேசுகிறவர் என்று ஏற்க மனம் ஒப்பவில்லை. இரண்டும் ஒரே உண்மையின் இரண்டு உறுப்புகளாக இருக்க வேண்டும். எப்படி என்றுதான் புரியாமல் இருந்தது.

இப்போது கணக்கு. வகை நுண்கணிதத்தில் பிள்ளைகள் முதலில் இரண்டு விதிகளைக் கற்கிறார்கள். அடிமானம் மாறி, அடுக்கு மாறிலி என்றால், அதாவது எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் க்யூப் போன்றவை என்றால், அடுக்கைக் கீழே இறக்கி முன்னால் எழுது, அடுக்கில் ஒன்றைக் குறை. அடிமானம் மாறிலி, அடுக்கு மாறி என்றால், அதாவது 2இன் அடுக்கு எக்ஸ் போன்றவை என்றால், அதை அப்படியே எழுதி அடிமானத்தின் இயல் மடக்கையால் பெருக்கு. இரண்டும் மனப்பாடமாகிவிடும்.

அதன்பின் ஒருநாள் கரும்பலகையில் 'எக்ஸின் அடுக்கு எக்ஸ்' என்று எழுதி, இதற்கு வகைக்கெழு காண் என்று சொல்வேன். அடிமானமும் மாறுகிறது, அடுக்கும் மாறுகிறது. வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி முதல் விதியைப் போடும்: அடுக்கு எக்ஸைக் கீழே இறக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை. விடை எக்ஸின் அடுக்கு எக்ஸ் என்றே திரும்பி வரும். மறுபாதி இரண்டாம் விதியைப் போடும்: எக்ஸின் அடுக்கு எக்ஸை, எக்ஸின் மடக்கையால் பெருக்கு. இரண்டு விடையும் தப்பு. முதல் பாதி அடுக்கு அசையாது என்று நினைத்துக்கொண்டது. இரண்டாம் பாதி அடிமானம் அசையாது என்று நினைத்துக்கொண்டது.

சரியான வழி மடக்கை வகையிடல். இரண்டு பக்கமும் லாக், அதாவது இயல் மடக்கை, எடுத்தால், உச்சியில் உட்கார்ந்திருந்த எக்ஸ் கீழே இறங்கி, 'எக்ஸ் பெருக்கல் லாக் எக்ஸ்' என்று பெருக்கலாக நிற்கும். பெருக்கலை வகையிட நமக்குத் தெரியும். வகையிட்டால் ஒன்று கூட்டல் லாக் எக்ஸ் வரும். அதை எக்ஸின் அடுக்கு எக்ஸால் பெருக்கினால் விடை. அந்த விடையைப் பிரித்து எழுதச் சொல்வேன். பிரித்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எக்ஸின் அடுக்கு எக்ஸ், அதோடு எக்ஸின் அடுக்கு எக்ஸ் பெருக்கல் லாக் எக்ஸ். முதல் பாதி எழுதிய தப்பு விடையையும் மறுபாதி எழுதிய தப்பு விடையையும் கூட்டினால் அதுதான் சரியான விடை.

இது எக்ஸின் அடுக்கு எக்ஸுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் இல்லை. நேர்மதிப்புள்ள எந்தச் சார்பு அடிமானமாக இருந்தாலும், எந்தச் சார்பு அடுக்காக இருந்தாலும், இரண்டையும் வகையிட முடியுமானால் இதுவே நடக்கும். அடுக்கை நிறுத்திவைத்து ஒரு விடை, அடிமானத்தை நிறுத்திவைத்து ஒரு விடை, இரண்டின் கூட்டல். ஒவ்வொன்றும் தனியே நின்று 'நானே முழு விடை' என்று சொன்னபோதுதான் பொய். கூட்டலில் ஓர் உறுப்பாக நிற்கும்போது இரண்டும் மெய்.

வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களையும் நான் இப்படித்தான் வாசிக்கிறேன். பிறந்த வீடு, உடம்பு, ஊர், காலம், கிடைத்த ஆசிரியர், கிடைக்காமல் போன மருத்துவர், இவையெல்லாம் நாம் கேட்காமல் நமக்கு வந்தவை. அவை அடிமானம். அவற்றின்மேல் நாம் ஏற்றுவது அடுக்கு, அது ஆள்வினை. 38ஆம் அதிகாரம் முயற்சியை நிறுத்திவைத்து ஊழ் என்ன செய்கிறது என்று காட்டுகிறது. 62ஆம் அதிகாரம் ஊழை நிறுத்திவைத்து முயற்சி என்ன செய்யும் என்று காட்டுகிறது. இரண்டும் மோதவில்லை, கூடுகின்றன.

அப்படியானால் பங்கு பிரித்துவிடலாமே என்று தோன்றும். இவ்வளவு ஊழ், இவ்வளவு உழைப்பு என்று எழுதிவிடலாமே? இங்கேதான் கணக்கு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது.

எக்ஸ் 2இலிருந்து 3க்குப் போகட்டும். 2இன் அடுக்கு 2 என்பது 4. 3இன் அடுக்கு 3 என்பது 27. ஏற்றம் 23. இந்த 23இல் அடிமானத்தின் பங்கு என்ன? அடுக்கை 2இலேயே நிறுத்தி அடிமானத்தை மட்டும் 3 ஆக்கினால் 9. ஏற்றம் 5. அடுக்கின் பங்கு என்ன? அடிமானத்தை 2இலேயே நிறுத்தி அடுக்கை மட்டும் 3 ஆக்கினால் 8. ஏற்றம் 4. ஐந்தும் நான்கும் ஒன்பது. மீதி 14 யாருடையது? அடிமானம் மட்டும் மாறியிருந்தால் அது வந்திருக்காது. அடுக்கு மட்டும் மாறியிருந்தாலும் வந்திருக்காது. பாதிக்கு மேற்பட்ட ஏற்றம் தனித்த சொந்தக்காரன் இல்லாதது.

இன்னொரு விதமாகவும் கேட்டுப் பார்க்கலாம். முதலில் அடிமானம் மாறியது, பிறகு அடுக்கு மாறியது என்று கதையைச் சொன்னால், 4 முதலில் 9 ஆகி, பிறகு 27 ஆகிறது. அடிமானத்துக்கு 5, அடுக்குக்கு 18. 'முயற்சியே எல்லாம்' என்று ஊர் சொல்லும். முதலில் அடுக்கு மாறியது, பிறகு அடிமானம் மாறியது என்று சொன்னால், 4 முதலில் 8 ஆகி, பிறகு 27 ஆகிறது. அடுக்குக்கு 4, அடிமானத்துக்கு 19. 'எல்லாம் கொடுப்பினை' என்று அதே ஊர் சொல்லும். வாழ்க்கை ஒன்று, ஏற்றமும் ஒன்று. சொல்லும் வரிசை மாறினால் உழைப்பின் பங்கு 18ஆகவும் இருக்கும், 4ஆகவும் இருக்கும். ஒரு மனிதரின் நாற்பது, ஐம்பது ஆண்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு இதில் எது விதி, எது முயற்சி என்று நாம் போடும் வழக்குகளுக்கெல்லாம் இதே குறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடந்துபோன நீண்ட காலத்தைப் பங்கு பிரிக்க முடியாது. நம் அறிவு போதாததால் அல்ல. அங்கே பிரிவு என்பதே கிடையாது.

ஆனால் அடியைச் சிறிதாக்கினால் நிலைமை மாறுகிறது. 2இலிருந்து 3க்குப் போனபோது மீதி, மொத்த ஏற்றத்தில் நூற்றுக்கு 61. 2இலிருந்து 2.1க்குப் போனால் மீதி நூற்றுக்கு 7தான். 2.01க்குப் போனால் ஒன்றுக்கும் குறைவு. அடி சுருங்கச் சுருங்க அந்த மீதி ஏற்றத்தைவிட வேகமாகச் சுருங்கி, கடைசியில் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. வகைக்கெழு சொல்வது அந்த நொடியை. அந்த நொடியில் மட்டும் இரண்டு பங்கும் சுத்தமாகப் பிரிந்து, சுத்தமாகக் கூடும். 2 என்ற புள்ளியில் அடிமானத்தின் பங்கு 4, அடுக்கின் பங்கு ஏறக்குறைய 2.77. ஐயமே இல்லை.

ஆகவே நேற்றுவரை நடந்ததில் என் முயற்சி எவ்வளவு என்பதற்கு விடை இல்லை. இந்த நொடியில் என் கையில் இருப்பது எவ்வளவு என்பதற்கு விடை உண்டு. பெருமைப்படுவதும் பழிப்பதும் நீண்ட காலத்தைப் பார்த்து. செயல்படுவது இந்த நொடியில். முந்தையதற்குக் கணக்கு இடம் தரவில்லை, பிந்தையதற்கு முழு இடம் தருகிறது.

யாருக்கும் உரியதல்லாத அந்த 14ஐ நினைக்கும்போதெல்லாம் எங்கள் ஊர் இடைகழி நினைவுக்கு வரும். உலகளந்த பெருமாள் கோயில் கொண்ட இந்தத் திருக்கோவிலூரில்தான் முதலாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் சந்தித்தார்கள் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கத்தான் இடம். நின்றவர்களை நான்காவதாக ஒன்று நெருக்கியது. யார் என்று பார்க்கப் பொய்கையாழ்வார் மண்ணையும் கடலையும் சூரியனையும் கொண்டு ஒரு விளக்கு ஏற்றினார். அது வெளியே உள்ளது, நமக்குக் கொடுக்கப்பட்ட உலகம். பூதத்தாழ்வார் அன்பையும் ஆர்வத்தையும் சிந்தையையும் கொண்டு ஒரு விளக்கு ஏற்றினார். அது உள்ளே இருப்பது, நாமே முனைந்து ஏற்ற வேண்டியது. இரண்டு வெளிச்சமும் சேர்ந்த இடத்தில் பேயாழ்வார் கண்டார். மூன்று திருவந்தாதிகளும் அப்படிப் பிறந்தன. அந்த 14தான் பெருமாள் என்று நான் சொல்லவில்லை. கணக்கை வைத்துக் கடவுளை நிறுவ வந்தவள் இல்லை நான். ஆனால் படுத்திருந்த ஒருவருக்கு அந்த நெருக்கம் தெரியவில்லை, மூவர் கூடி நின்றபோதுதான் தெரிந்தது என்பதை அந்தக் கதை எவ்வளவு கருத்தாகச் சொல்கிறது! கூடினால் மட்டும் வருவது ஒன்று உண்டு. அதைத் தனியாளின் பேரில் பட்டா எழுத முடியாது.

இந்தக் கணக்கு ஒரு விவாதமாக எழுந்ததும் சமயக் கவலையுள்ள இருவருக்கு நடுவில்தான். நியூவென்டைட் என்ற டச்சு அறிஞர், லைப்னிட்ஸின் புதிய நுண்கணிதத்தின்மேல் பல குற்றங்கள் சுமத்தினார். அடுக்கும் மாறியாக வரும்போது உங்கள் முறை கைகொடுக்காது என்பது அவற்றில் ஒன்று. 1695இல் லைப்னிட்ஸ் அதற்குப் பதில் எழுதினார். மடக்கை எடுத்து, அடிமானமும் அடுக்கும் சேர்ந்து மாறும் கோவையை வகையிட்டுக் காட்டினார். இரண்டு ஆண்டு கழித்து 1697இல் கணித அறிஞர் யோகான் பெர்னூலி இதையே ஒரு தனி நுண்கணிதமாக விரித்து எழுதினார். குற்றம் சொன்ன நியூவென்டைட் பிற்காலத்தில் இயற்கையின் ஒழுங்கிலிருந்து இறைவனைக் காட்டும் பெரிய நூலை எழுதியவர். பதில் சொன்ன லைப்னிட்ஸ் 1710இல், இறைவன் நல்லவன் என்றால் உலகில் தீமை ஏன் என்று ஆராயும் நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையில், மனித அறிவு வழி தவறிச் சுற்றும் சிக்கல்கள் இரண்டு என்கிறார். ஒன்று, தொடர்ச்சியான அளவுகளும் அவற்றின் நுண்ணிய கூறுகளும். மற்றொன்று, விதிப்படி நடக்கிறதா, நம் விருப்பப்படி நடக்கிறதா என்பது. இரண்டையும் ஒரே மூச்சில் அவர் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. முதல் சிக்கலை அவிழ்க்கக் கற்றவருக்கு இரண்டாவதின் முடிச்சு எங்கே என்றாவது தெரியும்.

இனி, எனக்கு மிக முக்கியமான பகுதி. இதுவரை அடிமானம் 1ஐவிடப் பெரியது என்றே பேசினேன். 1க்குக் கீழே போனால்?

அடிமானம் 2 என்றால் அடுக்கை 1, 2, 3 என்று ஏற்ற ஏற்ற 2, 4, 8 என்று பெருகும். அடிமானம் 1 என்றால் எவ்வளவு ஏற்றினாலும் 1தான். அடிமானம் அரை என்றால், அடுக்கை ஏற்ற ஏற்ற 0.5, 0.25, 0.125 என்று தேயும். 1க்குக் கீழே மடக்கை எதிர்மறை. முயற்சியின் உறுப்பு கூட்டலிலிருந்து கழித்தலாகிவிடுகிறது. எக்ஸின் அடுக்கு எக்ஸையே 0.1, 0.2, 0.3 என்று போட்டுப் பார்க்கச் சொல்வேன். 0.794, 0.725, 0.697 என்று இறங்கும். அடிமானமும் ஏறுகிறது, அடுக்கும் ஏறுகிறது, விளைவு மட்டும் இறங்குகிறது. எக்ஸ் 0.368 அளவைத் தாண்டிய பிறகுதான் அது திரும்பி ஏறத் தொடங்கும்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் சிலருக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். ஜாகீர்தார்களின் பிடி 1976 வரை நீடித்த மலை அது. அங்கிருந்து வந்த ஒரு பெண் வகுப்பில் எவரையும்விட அதிகம் உழைப்பாள். விடியுமுன் எழுவாள். வீட்டில் ஆள் பற்றாதபோது மலைக்குத் திரும்பி, அம்மாவோடு காட்டு வேலை செய்துவிட்டு, விட்ட பாடத்தைப் பிடிக்க இன்னும் அதிகம் உழைப்பாள். உழைக்க உழைக்க உடம்பு இளைத்தது, காய்ச்சலில் படுத்தாள், மதிப்பெண் இறங்கியது. அவளிடம் போய் 'இன்னும் கொஞ்சம் முயற்சி செய்' என்று சொல்வது, அரையை மேலும் அரையால் பெருக்குவது. அவள் தோற்றதற்கு அவள் முயற்சி குறைந்தது காரணம் இல்லை. அடிமானம் ஒன்றை எட்டாத இடத்தில் முயற்சி ஆளையே தின்கிறது. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது அறிவுரை அல்ல, வேளாவேளைக்குச் சோறும் மருந்தும் வீட்டுக்கு ஒரு கூலியாளும்.

ஆள்வினையுடைமை எந்தப் பகுதியில் வருகிறது என்று பாருங்கள். பரிமேலழகர் வகுத்தபடி அது பொருட்பாலின் அரசியல் பகுதி. சோர்வில்லாமல் உழை என்பதை வள்ளுவர் முதலில் சொல்வது ஆள்கிறவனுக்கு, வசதியும் அதிகாரமும் உள்ளவனுக்கு. அடிமானம் ஒன்றுக்கு மேலே இருப்பவனுக்குத்தான் அந்த அறிவுரை அப்படியே பொருந்தும். அதை ஏழையின் வாசலில் கொண்டுபோய் ஒட்டிவைப்பது நாம் செய்யும் கொடுமை.

கடைசியாக ஒன்று. 1896 ஆகஸ்ட் மாதக் கடைசியில் மதுரையிலிருந்து பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டைவிட்டு வந்தான். மாம்பழப்பட்டு வரை ரயில், அதற்குமேல் காசில்லை. நடந்து அரகண்டநல்லூர்க் கோயிலுக்கு வந்து அங்கே கண்மூடி உட்கார்ந்தான். பிறகு ஆற்றைத் தாண்டி எங்கள் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு வந்தான். பசி. ஊரில் முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் சோறு போட்டார்கள். காதில் கிடந்த கடுக்கனை அடகு வாங்கிக்கொண்டு நான்கு ரூபாய் கொடுத்தார்கள். கோகுலாஷ்டமி பட்சணமும் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் காசில் ரயிலேறிச் செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தவர்தான் ரமண மகரிஷி. அவர் பின்னாளில் எழுதிய உள்ளது நாற்பதில் 19ஆம் பாட்டு இந்த வழக்கைத்தான் எடுக்கிறது. விதி வெல்லுமா, மதி வெல்லுமா என்ற வாதம் இரண்டுக்கும் வேர் எது என்று அறியாதவர்களுக்குத்தான் என்பது அதன் கருத்து. எக்ஸின் அடுக்கு எக்ஸைப் பலகையில் எழுதும்போது நான் இதை எண்ணிக்கொள்வேன். கீழே இருப்பதும் எக்ஸ், மேலே இருப்பதும் எக்ஸ். அசைவது ஒன்றே. கணக்குப் போடுவதற்காக நாம் அதை இரண்டு இடத்தில் நிறுத்திப் பார்த்தோம். விடை வந்ததும் கூட்டிவிட வேண்டும்.

அந்த வேரை நான் கண்டவள் இல்லை. ஆனால் அந்தப் பையனின் பயணத்தைக் கணக்காகப் போட்டால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வீட்டைவிட்டு நடந்தது அவன் திண்மை. பசித்த வேளையில் சோறும் நான்கு ரூபாயும் கிடைப்பது அவன் கையில் இருக்கவில்லை. அவன் பக்கம் நின்று பார்த்தால் அவை ஊழ், அருள், கொடுப்பினை. அதையே பாகவதர் வீட்டுப் பக்கம் நின்று பார்த்தால், யாரோ ஒரு பிள்ளைக்கு அவர்கள் விரும்பிச் செய்த செயல், அவர்களின் ஆள்வினை. ஒருவர் செய்யும் முயற்சிதான் இன்னொருவருக்கு ஊழாகப் போய்ச் சேர்கிறது. மலையில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி, அதில் ஆசிரியர் தினமும் வரும்படி செய்பவர் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் அடிமானத்தை எழுதுகிறார். கட்டாமல் விட்டவரும்தான் எழுதுகிறார். அதனால் தலையெழுத்து என்று சொல்லிக் கை கழுவ நமக்கு உரிமை கிடையாது. அந்த எழுத்தில் பாதி நம் கையெழுத்து.